ரெண்டு பேணி

இரு பிள்ளை, இரு. தமிழ் முகம் எண்டு கண்டவுடனதான் கையைக் காட்டிக் கூப்பிட்டனான். இதில ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்து இருக்கப் பாத்தவன். ஆள் வருகுது எண்டு சொல்லிப் பின்னுக்கு அனுப்பிப்போட்டன். பஸ் ஒட்டாவா போகுமட்டும் ஒருத்தரோடயும் கதைக்காமல் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது. என்ன, இந்தக் கைப்பை மட்டுமோ? பெட்டி ஒண்டும் கொண்டுவரேல்லையோ? ஆரிட்டப் போறாய், அம்மாட்டயோ? ஓ, அம்மா அங்கயோ. பேந்தென்ன. அம்மாட்டப் போறதுக்கு என்னத்துக்குப் பெட்டி.

நானும் மகளிட்டத்தான் போறன். வதனி, மூத்தவள். வந்து ஒரு கிழமை நிண்டிட்டுப் போங்கோ அம்மா எண்டவள். அவளுக்கு என்னில பாசம் பொங்கி வழியுது எண்டு நினையாத. தேப்பன் ஏரிக்குப் போயிட்டார், தாயைத் தனிய விடேலாது. அதுதான் விசயம்.

என்ன ஏரியோ? அதைக் கேள். அதைத்தான் ஒருத்தரும் என்னட்டக் கேக்கினமில்லை.

கேம்பிங். அறுபத்தெட்டு வயசு மனுசன். வீட்டில கட்டில், கட்டிலுக்கு மேல மெத்தை, நாரி நோகுதெண்டு மகன் வாங்கிக் குடுத்த இன்னொரு மெத்தை. அதெல்லாத்தையும் விட்டிட்டு வடக்க காரை ஓட்டு ஓட்டெண்டு ஓட்டி, றோட்டு முடியிற இடத்தில காரை விட்டிட்டு, கனூ எண்டு ஒரு வள்ளத்தில ஏறி, ஒரு ஏரி கடந்து, இன்னொரு ஏரி கடந்து, மூண்டாவது ஏரிக்கரையில துணிக்கூடாரம் அடிச்சு நிலத்தில படுக்கிறார். அதுக்குக் காசும் கட்டுறார். நாங்கள் வவுனியாவில முகாமில இருந்தனாங்கள். அதுவும் துணிக்கூடாரம்தான், அதுவும் நிலம்தான். அங்க ஆரும் காசு கட்டி வந்து படுத்ததை நான் காணேல்ல.

எங்கட மனுசன் பிளாஸ்ரிக் வாளி அடிக்கிற பக்ரறியில வேலை செய்தவர். இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து பென்சன் எடுக்குமட்டும் அந்த ஒரே பக்ரறி. மிசின் சத்தத்தில காது அரைவாசி போச்சு. வீட்டுக்கு வந்தா நான் கதைப்பன். ஒரு வீடெண்டா ஆராவது கதைக்கத்தானே வேணும்? மனுசன் வாய் திறக்காது. கறியில உப்புக் கூடினாலும் "ம்", குறைஞ்சாலும் "ம்". சாமத்தியவீட்டுக்குப் போனாலும் "ம்", செத்தவீட்டுக்குப் போனாலும் "ம்". இத்தனைக்கும் கலியாணம் செய்து போன புதிதில என்னைத்தான் மாமி வாயில்லாப் பூச்சி எண்டு சொல்லுறவ. நீ சிரிக்கிறாய். உண்மையாத்தான்.

பக்ரறியில கூட வேலை செய்த ஒரு வெள்ளைதான் முதல் முதல் இந்த ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனவன். வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டமாதிரி விட்டிட்டு, தனக்கு முழங்கால் ஏலாதெண்டு அவன் நிண்டிட்டான். இவர் நிக்கேல்ல. தனியப் போகத் தொடங்கினார். ஒவ்வொரு கோடைக்கும். போகேக்க செத்த முகம். வரேக்க வெயிலில கறுத்து, தாடி வளந்து, நுளம்பு கடிச்சு வீங்கி வருவார், ஆனா முகத்தைப் பாத்தா மாப்பிளைக் களை. குளிக்கிற அறைக்குள்ள பாட்டு வேற.

உனக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லைப் போல. ஆனாலும் நீயே சொல்லு. ஒரு மனுசன் தனியப் போய்ப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தா நீ என்ன நினைப்பாய்?

நான் அவற்ற பையைத் தோய்க்க எடுக்கிற சாட்டில கிண்டிப் பாத்தன். ஒரு தட்டு. ஒரு கரண்டி. ஒரு கத்தி. தேத்தண்ணி குடிக்கிற எனாமல் பேணி மட்டும் ரெண்டு. தனியப் போற மனுசனுக்கு ரெண்டு பேணி என்னத்துக்கு? வதனிக்குப் போன் எடுத்துச் சொன்னன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அப்பாவுக்கோ? அப்பாவுக்கு ஒரு ஆளோ? அம்மா, அவருக்கு ஹலோ சொல்லவே அரை நாள் வேணும்" எண்டாள். தேப்பனை அவளுக்கு என்ன தெரியும். ஊமை ஊரைக் கெடுக்கும்.

அதுதான் போன வருசம் நானும் வாறன் எண்டன். மனுசன் என்னைப் பாத்தார். "வா" எண்டார். அவ்வளவுதான். சந்தோசமோ பயமோ ஒரு இழவும் விளங்கேல்ல.

நான் என்ன வெறுங்கையோட போறதே? இடியப்பம் அவிச்சன், சம்பல் இடிச்சன், கோழி பிரட்டல் கறி, மீன் கட்லெட் ஒரு பெரிய பெட்டி நிறைய. மனுசன் கார் டிக்கியைத் திறந்து பாத்திட்டு, என்னத்துக்கு இவ்வளவு எண்டு கேட்டார். ஆரும் வந்தா எண்டன். எங்கட வீட்டில எப்பவாவது அளந்து சமைச்சிருக்கோ? வாசலில ஆள் வந்து நிக்க, சோறு காணாதெண்டு சொல்லுறதோ? "அங்க ஒருத்தரும் வரமாட்டினம் யோகம்" எண்டார். ஒருத்தரும் வராத இடத்துக்கு மனுசர் போறதோ? அது சரி, அப்ப மற்றப் பேணி ஆருக்கெண்டு நான் மனசுக்குள்ள கேட்டுக்கொண்டன்.

கனூ வாடகைக்குக் குடுக்கிற கடையடியில போய் இறங்கினம். உள்ளுக்கிருந்து ஒரு வெள்ளைக்காரி ஓடிவந்து "நேசன்!" எண்டு மனுசனைக் கட்டிப்பிடிச்சா. எனக்கு முன்னால! பிடிச்சன் ஆளை எண்டு கிட்டப் போய்ப் பாத்தன். எண்பது வயசு வரும். பல்லெல்லாம் கட்டின பல்லு. பேர் டோரத்தி. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, உன்ர மனுசன் எவ்வளவு வடிவாக் கதைக்கிறவர் எண்டு சொல்லுறா. கிழவி ஆளை மாறிச் சொல்லுறா எண்டு நினைச்சன். பேந்து கேட்டா, மூண்டு பிள்ளையளும் எப்பிடி வளந்தவை, மூண்டும் மூண்டு மாதிரியோ எண்டு.

மூண்டோ? நாங்கள் இந்த நாட்டில ஆருக்கும் ரெண்டெண்டுதான் சொல்லுறது. வதனி, நிரோஷன். நடுவில ஒருத்தன் இருந்தவன். செந்தூரன். நாலு வயசு. அதை விடு. இல்லாத பிள்ளையைச் சேர்த்து எண்ணி, முன்பின் தெரியாத கிழவிக்குச் சொல்லுற மனுசனை நீ என்னெண்டு சொல்லுவாய்? வீட்டில "ம்", வெளியில மூண்டு பிள்ளைக் கதை.

சரி, வள்ளத்தில ஏறினம். நான் முன்னுக்கு, அவர் பின்னுக்கு. திரும்பக் கூடாது, திரும்பினாப் பிரளும் எண்டார். இத்தனை வருசமா முகத்துக்கு முன்னால வைச்சு ஏசின மனுசனை, முதுகுக்குப் பின்னால வைச்சுக்கொண்டு ஏசிறது எவ்வளவு கரைச்சல் தெரியுமோ? கேக்குதோ கேக்கேல்லையோ எண்டே தெரியாது. நானும் விடேல்ல. முதலாவது ஏரி முடிஞ்சுது. இறங்கு எண்டார். இதுதானோ இடம் எண்டன். இல்லையாம். அடுத்த ஏரிக்குக் காட்டுக்குள்ளால வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போகவேணுமாம். வள்ளம் மனுசரைச் சுமக்கிறதோ, மனுசர் வள்ளத்தைச் சுமக்கிறதோ? கவிட்டுத் தலையில வைச்சுக்கொண்டு விறுவிறெண்டு நடக்கிறார். பின்னால பாத்தா எனக்குத் தெரியிறதெல்லாம் ஒரு வள்ளமும் ரெண்டு காலும்தான். கிழட்டுக் கால் எண்டு சொல்லேலாது, அதையும் சொல்லவேணும். வீட்டில குப்பை வாளி தூக்க ஏலாத மனுசன்.

இது ஓஷாவாவோ? இன்னும் கிடக்கு. நீ சாய்ஞ்சு இரு.

அந்த மூண்டாவது ஏரியைப் பாக்கவேணும் நீ. கல்லு, மரம், தண்ணி. தண்ணி, மரம், கல்லு. இதைப் பாக்கத்தான் இவ்வளவு பாடும். கக்கூசெண்டு காட்டுக்குள்ள ஒரு மரப்பெட்டி. மூடி இருக்கு, சுவர் இல்லை. ஊரில எண்டாலும் ஒரு பனையோலை வேலி இருக்கும். சாப்பாட்டைக் கரடி மணந்துபிடிச்சு வருமெண்டு எல்லாத்தையும் ஒரு கயித்தில கட்டி மரத்தில தூக்கினார். என்ர கோழிக்கறி தூக்குக்காவடி எடுக்குது. கட்லெட் பெட்டியை மட்டும் நான் விடேல்ல, கரடி வந்தா எனக்குச் சொல்லிப்போட்டு வரட்டும் எண்டன். பிறகு ஒரு பறவை. பொழுதுபடத் தொடங்கினா, செத்தவீட்டில பொம்பிளையள் குழறுற மாதிரிக் குழறும். இதைக் கேக்கத்தான் வாறனான் எண்டார். ஒப்பாரி கேக்கத்தான் ஆசையெண்டா நாங்கள் இருந்த ஊரில கேட்டது காணாதோ?

அண்டைக்குப் பின்னேரம்தான் ஆளைக் கையும் களவுமாப் பிடிச்சன். அடுப்பு மூட்டித் தேத்தண்ணி போட்டார். பையில கையை விட்டு ரெண்டு பேணியையும் எடுத்தார். நான் கூடாரத்துக்கு உள்ளுக்கிருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். ஒண்டில தேத்தண்ணியை வாத்தார். மற்றதை ஆருக்கு நீட்டப்போறார் எண்டு பாக்கிறன். எழும்பி நிண்டார். ஒரு பேணியை உயரத் தூக்கி, மற்றதுக்கு வாத்தார். பேந்து அதில இருந்து இதுக்கு. இதில இருந்து அதுக்கு. ஆத்துறார், பிள்ளை. மனுசன் தேத்தண்ணி ஆத்துறார். ஒரு சொட்டுக் கீழ சிந்தேல்ல.

ரெண்டு பேணி ஏனெண்டு எந்தத் தமிழ்ப் பொம்பிளைக்கும் தெரிஞ்சிருக்கவேணும். எனக்குத் தெரியேல்ல. ஏன் தெரியேல்ல? நாப்பது வருசம் நானெல்லே ஆத்திக் குடுத்தனான். மனுசனுக்கு ஆத்தத் தெரியுமெண்டே நான் அறியேன். கள்ளனைப் பிடிக்கப் போய்த் தேத்தண்ணிக்காரனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேணும். கொதிதான் வந்தது. நான் இல்லாமல் இந்த மனுசன் பசியாறும், படுக்கும், தேத்தண்ணி ஆத்தும். அப்ப நான் என்னத்துக்கு?

இருந்த நாள் முழுக்க நான்தான் கதைச்சன். கதைக்காமல் அங்க வேற என்ன செய்யிறது? ரீவி இல்லை, போன் இழுக்காது. வதனியின்ர மாமியார் சொன்னது, கோயில் தேர்தலில நடந்த கூத்து, எல்லாம் சொன்னன். மனுசன் விறகு பொறுக்கினார். "ம்" எண்டார்.

திரும்பி வரவேண்டிய நாள் வெள்ளண எழுப்பினார். புகார் மூடி ஏரியே தெரியேல்ல. பக்கத்தில குந்தியிருந்து சொன்னார்:

"யோகம், ஒருக்கா நடு ஏரிக்குப் போவம். போய்க் கொஞ்ச நேரம் கதைக்காமல் இருப்பம். வெயில் மரத்துக்கு மேல வருமட்டும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

கலியாணம் கட்டின நாளில இருந்து மனுசன் என்னட்ட ஒண்டு கேட்டது அதுதான் முதல். சீலை கட்டேல்லையெண்டு ஏசினதில்லை, சமையல் சரியில்லையெண்டு சொன்னதில்லை. கேக்காத மனுசன் கேட்டது, என்ர வாயை மூடச் சொல்லி! நல்லா ஏசலாம் எண்டுதான் வாயெடுத்தன். ஆனா போனன். கட்லெட் பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு போனன். வெறும் வயித்தோட எவ்வளவு நேரம் இருக்கிறது?

நடுவில கொண்டுபோய்த் துடுப்பை உள்ளுக்கு எடுத்து வைச்சார். வள்ளம் அப்பிடியே நிண்டுது. ஒரு சத்தம் இல்லை. நீ அப்பிடிச் சத்தமில்லாமல் ஒரு வள்ளத்தில இருந்திருக்கிறியோ? இருந்திருக்கமாட்டாய். உன்ர வயசு அப்பிடி. நான் இருந்திருக்கிறன், கிளாலியில. சண்டைக் காலம். அந்தக் கடலைக் கடந்துதான் வன்னிக்குப் போறது, இருட்டில. ஓட்டி சொல்லிப்போட்டான், ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது, சத்தம் கேட்டா நேவிக்காரங்கள் சுடுவாங்கள் எண்டு. செந்தூரனுக்குக் காய்ச்சல். என்ர மடியில. முதல் முனகிக்கொண்டு வந்தவன். பேந்து முனகேல்ல. நான் என்னடா எண்டு கேக்கேல்ல. பேர் சொல்லிக் கூப்பிடேல்ல. வாய் திறக்கக் கூடாதெண்டவங்கள், நான் திறக்கேல்ல. கரையில இறங்கித் தூக்கினாப் பிள்ளை விறைச்சுப்போய்...

அதை விடு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் ஏரிக் கதையெல்லே சொல்லிக்கொண்டிருக்கிறன்.

அப்ப பின்னுக்கிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தக் குழறுற பறவையாக்கும் எண்டு நினைச்சன். இல்லை, மனுசன் கதைக்கிறார். என்னைக் கதைக்க வேண்டாமெண்டு சொல்லிக் கூட்டிவந்திட்டுத் தான் கதைக்கிறார், இது எந்த ஊர் நியாயம்?

"செந்தூரன் அண்டைக்குத் தண்ணிக்குள்ள கையை விட்டவன், யோகம்" எண்டார். "உன்ர மடியில கிடந்துகொண்டு. காய்ச்சல் கையெல்லே, தண்ணி குளிர்ந்திருக்கும். சிரிச்சவன். நீ முன்னுக்குப் பாத்துக்கொண்டிருந்தனி, காணேல்ல. நான் பின்னுக்கிருந்து கண்டனான்."

முப்பது வருசத்துக்கு மேல. அந்தப் பேரை வீட்டில ஒருத்தரும் எடுக்கிறேல்ல. நானும் எடுக்கிறேல்ல. அவன்ர படத்தைக்கூட நான் அலுமாரிக்குள்ள, சீலையளுக்குக் கீழதான் வைச்சிருக்கிறன். இந்த மனுசன் நடுத் தண்ணியில வைச்சு எடுக்கிறார்.

"பேந்து அவன் என்னைத் திரும்பிப் பாத்து..." எண்டு தொடங்கினார்.

நான் திரும்பேலாது, திரும்பினாப் பிரளும். மடியில பெட்டி இருந்தது. மூடியைத் திறந்து ஒரு கட்லெட்டை எடுத்துக் கையைப் பின்னால நீட்டினன். "இந்தாங்கோ, வெறும் வயித்தில கதையாதேங்கோ" எண்டன்.

என்ர கை அப்பிடியே நிண்டுது. நோகத் தொடங்கீட்டுது. பேந்து வாங்கினார். சாப்பிட்டாரோ தண்ணிக்குள்ள போட்டாரோ எனக்குத் தெரியாது. நான் தொடங்கினன். வதனி வீட்டுக் கூரை ஒழுகிற கதை, நிரோஷனுக்குப் பாத்த பொம்பிளையின்ர சாதகம், டோரத்தியின்ர பல்லு. கரைக்கு வருமட்டும் நான் வாய் மூடேல்ல. ஆராவது அந்தக் கதையை நிப்பாட்டத்தானே வேணும்? செத்த பிள்ளையைப் பற்றிக் கதைச்சா வருமோ? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வீட்டுக்கு வந்த பிறகு மனுசன் பழையபடி "ம்". பாட்டும் இல்லை.

ஆனா ஒண்டு கேக்கிறன் பிள்ளை. ஒரு கதையைத் தொடங்கினா முழுக்கச் சொல்லி முடிக்கவேண்டாமோ? "என்னைத் திரும்பிப் பாத்து." பாத்து? பாத்து என்ன? சிரிச்சவனோ? ஏதும் சொன்னவனோ? அப்பா எண்டவனோ, அம்மா எண்டவனோ? மடியில வைச்சிருந்தவள் நான். எனக்குத் தெரியாது, இந்த மனுசனுக்குத் தெரியும். ஒரு வருசமா நான் குசினிக்குள்ள நிண்டு அதையே நினைச்சுக்கொண்டு நிக்கிறன். ஒரு கட்லெட்டை நீட்டினா அதோட வாயை மூடிப்போடுறதோ? மொக்கு மனுசன். வேற மனுசனெண்டா, எடி கையை எடு, நான் சொல்லுறதைக் கேள் எண்டு அதட்டியிருப்பான்.

இந்த வருசமும் கேட்டவர், வாறியோ எண்டு. கார் திறப்பைக் கையில வைச்சுக்கொண்டு வாசலில நிண்டு கேட்டார். எனக்கு விசரில்லை எண்டன். கொஞ்சம் நிண்டு பாத்திட்டுப் போயிட்டார். இப்ப அங்க இருந்து கல்லுக்கும் மரத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பார், மிச்சத்தை. அந்தக் கிழவிக்கும் சொல்லியிருப்பார். ஒரு பொம்பிளையெண்டா மயிரைப் பிடிச்சு இழுத்திருப்பன் பிள்ளை. ஏரியை என்ன செய்யிறது?

ஏன், உனக்கு ஏன் கண் கலங்குது? என்ர கதைக்கோ? இதெல்லாம் பழங்கதை. இல்லையோ? என்ன, அம்மாவோ? ஆசுப்பத்திரியில இரவு அம்மாவுக்கு என்ன...

பொறு. பொறு பிள்ளை. உன்ர முகத்தைப் பாத்தாக் காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லைப் போல கிடக்கு. அந்தப் பையை எடு, மேல இருக்கிற பெட்டி. வதனிக்கெண்டு பொரிச்சது, அவளுக்கு ஒண்டு குறைஞ்சாக் குறையட்டும். இந்தா. வெறும் வயித்தில கதையாத. வாயைத் திற.